மாதிரியும் சரக்கும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களையில் பிறந்த மொழி. பானைச் சோறு முழுவதையும் எவரும் பிசைந்து பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தே வெந்ததையும் வேகாததையும் அறிந்து கொள்ளுகிறோம். அந்த ஒரு பருக்கை பானை முழுவதற்கும் சாட்சி சொல்லுகிறது. வியாபாரத்தில் மாதிரி என்று நாம் வழங்கும் பொருளுக்கும் இதுவே வேலை. பருக்கை வேறு பானையிலிருந்து எடுக்கப்பட்டதானால் அது பொய்ச்சாட்சியாகிவிடும். பதம் பார்ப்பதிலேயே பானைச் சோறு தீர்ந்துவிட்டாலோ, உண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மாதிரி வழங்குவதில் நேரும் பிழைகள் யாவும் இவ்விரண்டில் அடங்கும் என்பது நமது கருத்து.

இதைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டிய அவசியம் என்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். மதுரை நகரிலும் சுற்றுப்புறங்களிலும் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுகையில், நெசவாளர் வீடுகளில் இருவகை மாதிரிகளை நாம் காண்கிறோம். ஒன்று, தறியின் அருகே ஆணியில் தொங்கும் துணித் துணுக்குக் கட்டு. மற்றொன்று, கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் சோப்பு, பற்பசை, சத்துமாவு ஆகியவற்றின் சிறு பொட்டலங்கள். நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்ற பெயரில் வீடு வீடாக நடைபெறும் விற்பனையில் நெசவாளர் குடும்பப் பெண்கள் பலர் சேர்ந்திருக்கின்றனர். விவசாயக் குடும்பங்களிலும் இது பரவியிருக்கிறது. துணுக்குக்கும் பொட்டலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் முடங்குவது ஒரே குடும்பத்தின் பணமே. இரண்டுக்கும் வேண்டியது ஒரே விவேகமே.

முதலில் சங்கத்தின் மாதிரியை எடுத்துக் கொள்வோம். மாதிரி காட்டிச் செய்யும் விற்பனைக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இவ்விதமான விற்பனையில் மூன்று நிபந்தனைகள் தாமாகவே அடங்கியிருப்பதாகக் கூறுகிறது. அனுப்பப்படும் சரக்கு தரத்தில் மாதிரியை ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்குத் தக்க வாய்ப்பு அளிக்க வேண்டும். சாதாரணமாகச் சோதித்தால் கண்ணுக்குப் புலப்படாத, விற்பனைக்கு உதவாததாக்கும் குறை எதுவும் சரக்கில் இருத்தலாகாது. இவற்றை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்பதில்லை. கையகலத் துணுக்கு ஒன்றை வியாபாரியின் கையில் கொடுத்து, அதை நம்பி அவர் ஆர்டர் கொடுக்கும் கணத்திலேயே சங்கம் வாக்குக் கொடுத்து விட்டது.

இந்த உண்மையை ஒரு சங்கம் பெருநஷ்டத்தின் மூலம் கற்றுக் கொண்டதை நாம் நேரில் கண்டோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவருக்குச் சேலை மாதிரி அனுப்ப வேண்டியிருந்தது. சங்கத்தில் கைதேர்ந்த முதியவர் ஒருவரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் நெய்த துணி கண்ணாடிபோல் அமைந்திருந்தது. வியாபாரி மனமகிழ்ந்து 200 சேலைகளுக்கு ஆர்டர் அனுப்பினார். அந்த 200 சேலைகளையும் நெய்தவர் அம்முதியவர் அல்லர். 30 தறிகளில் பலபடியான கைகள். நூலும் இருமுறையாக வந்தது. சாயமும் இருமுறை தோய்க்கப்பட்டது. சரக்கு போய்ச் சேர்ந்தது. ‘மாதிரிக்கு ஒவ்வாது’ என்ற ஒரே வரியுடன் திரும்பியும் வந்தது. அனுப்பிய மாதிரியின் மறுபாதி சங்கத்தில் இல்லாமையால், வியாபாரி சொல்வது சரியா தவறா என்று பார்க்கவும் வழியில்லை. சேலைகள் தள்ளுபடியில் விற்கப்பட்டன. அவ்வருஷம் தீபாவளிக்கு முன் கிடைக்க வேண்டிய கூலி, தீபாவளி கழிந்து பல நாட்களுக்குப் பின்னரே நெசவாளர் கைக்கு வந்தது. அம்முதியவர் நம்மிடம் சொன்னது இன்னும் நம் காதில் ஒலிக்கிறது: “சார், நான் நல்லா நெய்ததுதான் தப்பாப் போச்சு.”

தவறு அவருடையதன்று. சங்கத்தின் மிகச் சிறந்த துணியை மாதிரி என்று அனுப்பியதே தவறு. சங்கம் நாள்தோறும் தரக்கூடிய துணியைத்தான் மாதிரியாக அனுப்ப வேண்டும். நடுத்தரமான கை நெய்த துணியை அனுப்பி, வரும் சரக்கு அதைவிடச் சற்று மேலாக இருக்குமானால் வியாபாரி மறுபடியும் வருவார். மேலானதை அனுப்பிக் கீழானதைத் தந்தால், அவர் வரமாட்டார் என்பது மட்டுமன்று. விளக்குத்தூண் கடைவீதி முழுவதும் அந்தச் செய்தி பரவிவிடும்.

ஆகவே மாதிரி எடுக்கும்போதே துணுக்கை இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி வாங்குபவருக்கு, மறுபாதி சங்கத்துக்கு. இரண்டிலும் தேதி, நூல் நம்பர், சாயம் தோய்த்த நாள் ஆகியவற்றை எழுதிச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். ஆர்டர் வந்தவுடன் சங்கத்துப் பாதியைத் தறிக்காரர்கள் அனைவருக்கும் காட்டிய பின்னரே பாவு கொடுக்க வேண்டும். செலவில்லாத காரியம் இது. கத்தரிக்கோலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

சாயத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஜவுளித் தொழிலில் பெரிதும் பேசப்படும் ‘மெட்ராஸ் துணி’யின் கதையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து சென்னைக் கட்டத் துணியைப் பெருமளவில் வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், சாயம் கசியும் என்று சொல்லித்தான் துணி தரப்பட்டதாம். ஆனால் அந்த யோசனை துணியை வாங்கி உடுத்தியவர்களைச் சென்று சேரவில்லை. நியூயார்க்கின் பெயர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அதை வாங்கியவர்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் துவைத்தார்கள், சாயம் ஓடிற்று, புகார்கள் குவிந்தன. பிறகு, ‘சாயம் கசிவது உறுதி’ என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள் என்பது கதையின் சுவையான முடிவு. அவர்கள் செய்தது சாமர்த்தியமே. ஆயினும் விளம்பரத்துக்குச் செலவிட அமெரிக்கப் பணம் நம் சங்கங்களிடம் இல்லை. நாம் செய்யக் கூடியது, துணுக்கோடு ஒரு சிறு சீட்டை இணைத்து, எப்படித் துவைக்க வேண்டும், எத்தனை அலசல் வரை சாயம் கசியும் என்று உண்மையை எழுதி விடுவதே. சொல்லி விற்ற குறை, பொருளின் குணமாக ஏற்கப்படும். சொல்லாமல் விற்ற குறை மோசடி என்றே பெயர் பெறும்.

சுங்குடிக்கு இது இன்னும் பொருந்தும். மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. விரல் நுனியில் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் தோய்த்தெடுக்கும் புள்ளிக்கும், மெழுகு அச்சாலோ ஸ்கிரீனாலோ அச்சடித்த புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்க வருபவர் அறியார். இதை விளக்கப் பேச்சு வேண்டியதில்லை. முடிச்சு அவிழ்க்காத துணுக்கு ஒன்றையும், அவிழ்த்த துணுக்கு ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும். சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியில் அங்கத்தினர் ஒருவர் வாடிக்கையாளரையே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்க்கச் செய்வதைக் கண்டோம். வெள்ளைப் புள்ளி விரிந்ததும் அந்த அம்மையார் முகமும் விரிந்தது. ஒரே துணுக்கு நாள் முழுவதும் பலருக்கு உதவியது. எவரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. எல்லா மாதிரியும் கொடுத்துத் தீர்க்க வேண்டியவையல்ல. காட்டித் திரும்ப வைத்துக் கொள்ள வேண்டியவையும் உண்டு.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதே நீதிதான். மல்லிகைக்கு மாதிரி வேண்டுவதில்லை; மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டையை அவிழ்த்தவுடன் பூவே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும். நெல்லும் அரிசியும் அப்படியல்ல. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அங்கே மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்ப்பதில்லை. வயிற்றுக்குள் இரும்புக் குழலைச் செருகி எடுத்துப் பார்க்கிறார்கள். மேலே காய்ந்ததைப் பரப்பி உள்ளே ஈரத்தை வைத்தவர் சந்தேகத்தையும் சேர்த்தே மூட்டை கட்டியவராகிறார். பாரம்பரிய நெல் பயிரிட்டு, அரிசியாக்கி நேரே வீடுகளுக்கு விற்கும் இளைஞர்கள் சிலர், கால் கிலோ அரிசியை மாதிரியாக வழங்குகின்றனர். இது நல்ல வழிதான். ஆனால் ஓராண்டு இருப்பிலிருந்த பழைய அரிசியை மாதிரி கொடுத்துவிட்டு, அறுவடையான புதிய அரிசியை மூட்டையாக அனுப்பினால் என்ன ஆகும்? பழையது உதிரியாக வெந்தது. புதியது குழைந்து போயிற்று. வாங்கிய இல்லத்தரசி ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவாள். ஒரு பானைச் சோற்றுக்கு வேறு பானைச் சோறு பதமாகாது.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம்: பதம் பார்ப்பதிலேயே சோறு தீர்ந்துபோவது. மாதிரி இலவசம் என்பது வாங்குபவரைப் பொறுத்த வரையில்தான். கொடுப்பவருக்கு அது முதலீடு. உதாரணமாக, ஒரு சங்கம் 50 துணுக்குகளை அனுப்புகிறது. துணி, அட்டை, தபால் யாவும் சேர்த்து ஒன்றுக்கு 50 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 2,500 ரூபாய். ஒரு சேலைக்கு நிகர லாபம் 100 ரூபாயானால், 25 சேலைகள் விற்ற பின்னரே மாதிரிச் செலவு ஈடாகும். இருபத்தாறாவது சேலையில்தான் லாபம் தொடங்குகிறது. மேலும், 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, இலவச மாதிரியாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கான உள்ளீட்டு வரியைத் திரும்ப வரவு வைத்துக்கொள்ள இயலாது. தணிக்கையில் இருப்புப் புத்தகத்தைப் புரட்டும்போது, ‘மாதிரிக்கு’ என்ற ஒரே சொல்லின் கீழ்ப் பல மீட்டர் துணி மறைந்திருப்பதைக் கண்டிருக்கிறோம். யாருக்கு, என்றைக்கு, என்ன பயன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையில்லை. இதில் களவு இருந்தது என்று நாம் கூறவில்லை. கணக்கில்லாத தயாளம் கூட்டுறவுக்கு ஆகாது என்றே கூறுகிறோம்; அத்துணி பலருக்கும் சொந்தமானது.

யாருக்குக் கொடுப்பது என்பதும் சிந்திக்கத் தக்கது. 1866இல் லண்டனில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார், இந்தியத் துணிகளை வெட்டி 700 மாதிரிகளை 18 தொகுதிகளாகக் கட்டினார். இருபது படிகள் தயாராயின. அவற்றில் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்று அந்நாட்டு ஆலைக்காரர்கள் பார்த்து, அதுபோல் நெய்து இங்கு விற்பதற்காகவே அந்த ஏற்பாடு. கண்காட்சியில் துணுக்குக் கேட்பவர் எல்லாம் வாங்குபவர் அல்லர். அச்சடிக்கப் பார்ப்பவரும் உண்டு. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். புதிதாக அமைத்த டிசைனைக் காக்காது. இதற்காக மாதிரியை ஒளித்து வைத்தால் வியாபாரமே நடவாது. பெயரும் முகவரியும் வாங்கிக் கொண்டு கொடுப்பது, புது டிசைனைக் காட்டுவதோடு நிறுத்திக் கொள்வது ஆகிய இரண்டையும் பின்பற்றினால் போதும்.

கட்டிலுக்கு அடியிலுள்ள அட்டைப் பெட்டிக்கு இப்பொழுது வருவோம். வீடு தேடிச் செல்லும் விற்பனை இழிவானதன்று, புதியதுமன்று. 1886இல் அமெரிக்காவில் டேவிட் மக்கானல் என்ற புத்தக வியாபாரி, கதவைத் திறக்கும் பெண்களுக்கு வாசனைத் திரவியத்தைச் சிறிதளவு இனாமாகக் கொடுத்து வந்தார். அவர்கள் புத்தகத்தை விட வாசனையையே விரும்புவதைக் கண்டு, அதையே தொழிலாக்கினார். பிற்காலத்தில் ஏவான் என்று உலகெங்கும் பெயர்பெற்ற நிறுவனம் அதுவே. மாதிரியின் வல்லமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள்: அவர் இனாமாகக் கொடுத்தது தம் சரக்கை, அதைக் கொண்டு பிடித்தது வாடிக்கையாளரை. இன்று நம் தெருக்களில் பல இடங்களில் நடப்பதோ வேறு.

முடிச்சு வேலை செய்யும் ஒரு சகோதரி, சங்கத்தில் கடன் மனுக் கொடுத்திருந்தார். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. அவரைச் சேர்த்து விட்டவர், மாதந்தோறும் மாதிரிப் பெட்டி வாங்கினால்தான் வியாபாரம் வளரும் என்று சொன்னாராம். இவரும் வாங்கினார், தெரு முழுவதும் கொடுத்தார். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. அடுத்த மாதம் மீண்டும் பெட்டி வந்தது. நான்கு மாதங்களில் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அவர் கணக்கெழுதவில்லை. நாம் அவரோடு அமர்ந்து எழுதிப் பார்த்தபோது, கொடுத்த மாதிரியின் விலை, பெற்ற கழிவுத் தொகையைப் போல் பன்மடங்காக இருந்தது. அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். தாம் விற்பவர் அல்லர், வாங்குபவரே என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலப்பட்டது.

விற்பனைக்கென்று விற்பவரே விலை கொடுத்து வாங்கி, விற்பனை நடவாமல் தீர்ந்துபோகும் பொருள் மாதிரியன்று. அதுவே மேலிருப்பவரின் வியாபாரம். இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகளின்படி, புதிதாகச் சேர வருபவரை விளக்க நூல்களையோ விற்பனை விளக்கச் சாதனங்களையோ வாங்கும்படி விற்பனையாளர் கட்டாயப்படுத்தலாகாது. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி ஒரு வீட்டுக்குச் செல்லலாகாது. ஆள் சேர்த்தலையே வருமானமாகக் கொண்ட பிரமிடுத் திட்டங்களும் பணச் சுழற்சித் திட்டங்களும் இவ்விதிகளில் தடுக்கப்பட்டுள்ளன. பணச் சுழற்சிக்கு 1978ஆம் ஆண்டு முதலே தடைச் சட்டம் உண்டு. ஒருவர் ஐவரைச் சேர்க்க, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரைச் சேர்க்க, இப்படியே போனால் ஒன்பதாவது படியில் மட்டும் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மதுரை மாநகராட்சியின் ஜனத்தொகையே 10 லட்சத்துக்குச் சற்று மேல்தான். யார் யாருக்கு விற்பது?

எனினும் நேர்மையான பொருளை நேர்மையாக விற்கும் அங்கத்தினர்களை நாம் கைவிடச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சில யோசனைகள். கேளாதவருக்குக் கொடுக்காதீர்கள், தேவை உண்டா, வாங்கும் முடிவு அவர் கையில் உள்ளதா என்று முதலில் பேசிப் பாருங்கள். சோதிக்கப் போதுமான அளவே கொடுங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமானதைக் கொடுத்தால் அம்மாதம் அவர் வாங்கமாட்டார். இயன்றவரை உங்கள் முன்னிலையிலேயே பயன்படுத்திப் பார்க்கச் செய்யுங்கள். கொடுத்தவர் பெயரையும் நாளையும் எழுதி, மூன்றாம் நாள் சென்று கேளுங்கள். கேட்கப் போகாத மாதிரி குப்பையில் போட்ட மாதிரி. ஒரு மாதத்து மாதிரிச் செலவு, முந்திய மாதம் கையில் வந்த கழிவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சத்துமாவைக் கொடுத்துச் சர்க்கரை வியாதி தீரும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவ்வாறு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதை நம்பி மருந்தை நிறுத்துபவர் உங்கள் அடுத்த வீட்டுக்காரராக இருப்பார்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் மாதிரிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கத் தீர்மானம் செய்யுங்கள். வெட்டிய துணுக்கின் மறுபாதியை அதில் ஒட்டுங்கள். யாருக்குக் கொடுத்தது, என்ன ஆர்டர் வந்தது என்பதை எதிரே எழுதுங்கள். ஆண்டு முடிவில் அதைப் படித்துப் பார்த்தால், எந்த மாதிரி வேலை செய்தது, எது வீணாயிற்று என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.

1844இல் ராச்டேல் நகரில் கடை திறந்த கூட்டுறவு முன்னோர், கலப்படமற்ற சரக்கையும் சரியான நிறையையுமே தம் பெருமையாகக் கொண்டனர். அவர்களிலும் நெசவாளர் இருந்தனர். அவர்கள் கடையில் மாதிரி வேறு, சரக்கு வேறு என்ற நிலை இருந்ததில்லை. நம் சங்கத்தின் பெயர் பொறித்த துணுக்கு ஒன்று எந்த ஊரில், எவர் கையில் இருந்தாலும், அதைப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு சரக்குக்கு ஆர்டர் எழுத வேண்டும். அந்த நாள் வருமானால், தீபாவளிக் கூலி தீபாவளிக்கு முன்பே நம் நெசவாளர் வீடுகளுக்குப் போய்ச் சேரும்.